அம்மாவுக்கு ரெனின் பரிசோதனை எழுதியிருக்கிறார்கள்: அது எதைச் சொல்லும், மூளைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கேள்வி இது: அம்மாவுக்கு 64 வயது. டெல்மிசார்டான் 80, அம்லோடிபின் 10, குளோர்தாலிடோன் 12.5 என்று மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் 150/90-க்குக் கீழே இறங்கவில்லை. ரெனின், ஆல்டோஸ்டீரான் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ரெனின் மூளையிலும் வேலை செய்கிறது என்று படித்தேன். ஆறு மாதமாக அம்மாவுக்கு இருக்கும் மறதிக்கும் தடுமாற்றத்துக்கும் ரெனின்தான் காரணமா? பிரஷர் மாத்திரையை மாற்றினால் ஞாபகசக்தி திரும்புமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மறதிக்கு ரெனின் நேரடிக் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் இந்தப் பரிசோதனையைச் சரியாக எடுத்துச் சரியாகப் படித்தால், அடங்காத பிரஷருக்கு உண்மையான காரணம் தெரியவரலாம். அம்மாவின் மூளைக்கு அது பெரிய உதவி. தள்ளிப் போடாதீர்கள்.

1898-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் அவருடைய மாணவர் பெர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்தை அரைத்து வடித்த சாற்றை இன்னொரு முயலின் சிரையில் செலுத்தினார்கள். பிரஷர் ஏறியது. அந்தச் சாற்றில் இருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். அது தானாக எந்த ரத்தக் குழாயையும் சுருக்குவதில்லை என்பது பிற்பாடுதான் புரிந்தது. ரெனின் ஒரு நொதி, புரதத்தை நறுக்கும் கத்தரி, அவ்வளவுதான். கல்லீரல் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற நீளமான புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. அதன் நுனியிலிருந்து 10 அமினோ அமிலம் கொண்ட துண்டை ரெனின் நறுக்குகிறது. அது ஆஞ்சியோடென்சின் 1. நுரையீரல் ரத்தக் குழாய்களின் உட்சுவரில் நிறைய இருக்கும் ஏ.சி.இ. என்ற இன்னொரு நொதி அதிலிருந்து இரண்டைக் கழித்து 8 ஆக்குகிறது. அது ஆஞ்சியோடென்சின் 2. குழாயைச் சுருக்குவது, சிறுநீரகத்தின் உச்சியில் இருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டீரான் என்ற ஹார்மோனைச் சுரக்க வைப்பது, உப்பைப் பிடித்து வைப்பது என்று வேலையெல்லாம் செய்வது இந்தக் கடைசித் துண்டுதான். அதற்கு ஆயுள் ஒரு நிமிடம்கூட இல்லை. அதனால் மொத்தச் சங்கிலியின் வேகமும் முதல் கத்தரி எத்தனை வெளியே வருகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

அதைச் சிறுநீரகம் எப்படி முடிவு செய்கிறது என்பது பார்க்கப் பார்க்க வியப்பான ஏற்பாடு. ஒவ்வொரு வடிப்பானுக்கும், அதாவது கிளோமெருலஸுக்கும், ரத்தம் கொண்டுவரும் நுண்தமனியின் சுவரில் ரெனின் நிரம்பிய செல்கள் ஒட்டியிருக்கின்றன. அந்த வடிப்பானிலிருந்து கிளம்பிய சிறுநீர்க் குழாய் கீழே போய் வளைந்து, மறுபடி மேலே ஏறி, தான் புறப்பட்ட அதே வடிப்பானின் வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. தொடும் இடத்தில் குழாயின் சுவரில் உள்ள செல்கள், ஓடும் திரவத்தில் எவ்வளவு உப்பு மிச்சமிருக்கிறது என்று ருசி பார்க்கின்றன. உப்பு குறைவாக வந்தால் பக்கத்துச் செல்களுக்குச் செய்தி போகும், ரெனின் வெளியேறும். இது ஒரு தூண்டுதல். நுண்தமனியில் அழுத்தம் தாழ்வது இரண்டாவது. பதற்றத்திலும் சட்டென்று எழுந்து நிற்கும்போதும் முறுக்கேறும் சிம்பதெடிக் நரம்புகள் மூன்றாவது. வாந்தி பேதியில் உடம்பு வற்றிப்போனால் மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பு தாராளமாக உள்ளே போனால் ரெனின் தானாகவே அடங்கிவிட வேண்டும். 'அடங்கிவிட வேண்டும்' என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பரிசோதனையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

இனி மூளை. ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் நுழைந்துவிட முடியாது, நடுவே ஒரு தடுப்பு உண்டு. ரெனினோ ஆஞ்சியோடென்சின் 2-வோ அதைத் தாண்டாது. ஆனால் மூளையின் நடு அறைகளை ஒட்டிச் சில சின்ன இடங்களில் அந்தத் தடுப்பு கிடையாது, ஜன்னல் திறந்திருக்கும். ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று மூளை எட்டிப் பார்ப்பது அங்கேதான். ஆஞ்சியோடென்சின் 2 அந்த ஜன்னலில் வந்து தட்டும்போது தாகம் எடுக்கிறது, நீரைச் சேமிக்கும் வாசோபிரசின் சுரக்கிறது, சிம்பதெடிக் நரம்புகள் முறுக்கேறுகின்றன. போதுமான அளவு தண்ணீர் குடித்து முடித்த எலியின் மூளையில் துளியினும் துளியாக ஆஞ்சியோடென்சின் 2 செலுத்தினால், அது மறுபடி போய்த் தண்ணீர்க் குழாயை நக்கும். ஆக, சிறுநீரகத்து ரெனினுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு. அது தாகமும் பிரஷரும் சம்பந்தப்பட்ட தொடர்பு, ஞாபகம் சம்பந்தப்பட்டதல்ல.

மூளை தனக்கென்று தனி ரெனின் தயாரிக்கிறது என்று நீங்கள் படித்தது அரை நூற்றாண்டாக நடக்கும் வழக்கு. 1971-ல் டெட்லெவ் கான்டன் குழு, ஆஞ்சியோடென்சினை உருவாக்கும் நொதி மூளைத் திசுவிலேயே இருப்பதாக வெளியிட்டது. அது ரெனின் அல்ல, அமிலச் சூழலில் மட்டும் அதுபோல் நறுக்கக்கூடிய கெதெப்சின் டி என்ற வேறு நொதியாக இருக்கலாம் என்று மறுப்பு எழுந்தது. செல்லுக்குள்ளேயே தங்கிவிடும் ஒருவகை ரெனின் மூளையில் இருக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு வாதிட்டார்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாம் குழு 2017-ல், மூளையில் அளக்க முடிந்த ரெனின் எல்லாம் அந்தத் திசுவில் சிக்கிக் கிடந்த ரத்தத்தில் இருந்ததுதான் என்று காட்டியது. என் கணிப்பில் ராட்டர்டாம் பக்கமே வாதம் வலுவாக இருக்கிறது. எது எப்படியிருந்தாலும், ரத்தத்தில் எடுக்கும் ரெனின் அளவு மூளைக்குள் இருப்பதைக் காட்டாது.

இன்னொரு குழப்பத்துக்குப் பெயரே காரணம். புரோரெனின் (ரெனினின் முன்வடிவம்) ஏற்பி என்று 2002-ல் பெயர் பெற்ற ஒரு புரதத்தின் மரபணு பழுதானால், ஆண் குழந்தைகளுக்கு மனவளர்ச்சிக் குறைவும் வலிப்பும் வருவதுண்டு. 'ரெனின் பழுதானால் மூளை பாதிக்கும்' என்ற செய்தி கிளம்புவது இங்கிருந்துதான். அந்தப் புரதத்தின் முக்கிய வேலை செல்லுக்குள் உள்ள பைகளில் அமிலத்தன்மையைப் பராமரிப்பது. மூளை பாதிப்பு அதனால் வருவது. பிரஷர் நோயாளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூளையை உண்மையில் தேய்ப்பது அழுத்தம்தான். மூளையின் அடிப்பகுதியில் ஓடும் பெரிய தமனியிலிருந்து, மரத்தின் அடித்தண்டிலிருந்தே நேராகக் கிளம்பிய மெல்லிய குச்சிகள்போல, முடி அளவுக் குழாய்கள் செங்குத்தாகப் பிரிந்து உள்ளே போகின்றன. கையிலோ காலிலோ தமனி கிளைத்துக் கிளைத்து மெலிவதால் விசையும் படிப்படியாகத் தணியும். இங்கே நடுவில் படி கிடையாது. பெரிய தமனியின் அழுத்தம் அப்படியே அந்த மெல்லிய குழாயில் இறங்கும். வருடக்கணக்கில் 160 ஓடினால் அதன் சுவர் தடித்து, உள்வழி குறுகி, கடைசியில் அடைத்துக்கொள்ளும். 15 மில்லிமீட்டருக்கு உட்பட்ட சின்னக் குழிகள், எம்.ஆர்.ஐ.யில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் திட்டுகள் எல்லாம் இப்படி வருபவை. பெரிய பக்கவாதம் எதுவும் வந்திருக்காது. ஆனால் யோசனை மந்தமாகும், இரண்டு வேலையைச் சேர்த்துப் பார்க்க முடியாது, பால் பாக்கி கணக்கு தப்பும், நடையில் அடி சின்னதாகும், சிறுநீர் அவசரமாக வரும். 'பெயர் மறந்து போச்சு' என்பதைவிட இந்த மந்தமே இவ்வகைப் பாதிப்பின் முகம். அம்மாவின் தடுமாற்றம் எந்த வகை என்று கவனித்துக் குறித்துக்கொண்டு போங்கள், டாக்டருக்கு அது மிகவும் உதவும்.

பிரஷரை இறக்கினால் இது தடுபடுமா? அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடந்த ஸ்பிரின்ட் ஆய்வில் மேல் அளவை 140-க்குக் கீழே கொண்டுவந்தவர்களையும் 120-க்குக் கீழே கொண்டுவந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 2019-ல் வெளியான மூளை முடிவுகளின்படி, 120 குழுவில் லேசான அறிவாற்றல் குறைவு 19 சதவீதம் குறைந்தது. முழு மறதிநோயும் குறைந்த மாதிரித்தான் தெரிந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை சேரவில்லை. சர்க்கரை நோயாளிகளும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும் அந்த ஆய்வில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சரி, ரெனின் சங்கிலியைத் தடுக்கும் 'சார்டான்' வகை மாத்திரை (அம்மாவின் டெல்மிசார்டான் இந்த வகைதான்) மற்றவற்றைவிட மூளைக்கு நல்லதா? பழைய மருத்துவப் பதிவுகளை அலசியவர்களுக்கு அப்படித்தான் தோன்றியது. ஆனால் பிரிட்டனில் அல்சைமர் நோயாளிகள் 211 பேருக்கு லோசார்டான் 100 மில்லிகிராமையோ வெற்று மாத்திரையையோ ஓராண்டு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-ல் வெளியானபோது, மூளைச் சுருக்கம் இரு குழுவிலும் ஒன்றுபோலவே இருந்தது. ஆகவே ஞாபகசக்திக்கென்று மாத்திரையை மாற்ற வேண்டியதில்லை. எந்த மாத்திரையானாலும் எண் இறங்க வேண்டும்.

அம்மாவுக்கு அந்த எண் ஏன் இறங்கவில்லை என்பதற்குத்தான் இந்தப் பரிசோதனை. சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்பட மூன்று மருந்துக்கும் அடங்காத பிரஷரில் ஐந்தில் ஒருவர் வரைக்கும், அட்ரீனல் சுரப்பி யார் பேச்சையும் கேட்காமல் தன்னிச்சையாக ஆல்டோஸ்டீரானைக் கொட்டுவது காரணமாக இருக்கும். 1955-ல் ஜெரோம் கான் விவரித்த நோய் இது. ஆல்டோஸ்டீரான் உப்பைப் பிடித்து வைக்க, உடம்பில் உப்பு மிகுந்துவிட்டது என்று சிறுநீரகம் ரெனினை நிறுத்திவிடும். ரெனின் கீழே, ஆல்டோஸ்டீரான் மேலே. அதனால் இரண்டின் விகிதத்தைப் பார்க்கிறார்கள். பொட்டாசியம் குறைந்திருந்தால்தான் இந்த நோய் என்று பலர் நினைப்பது தவறு, பெரும்பாலோருக்கு அது சரியாகவே இருக்கும். பிரஷர் அளவு ஒன்றாகவே இருந்தாலும், சாதாரண பிரஷர் நோயாளியைவிட இவர்களுக்குப் பக்கவாதம் இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. அதனால்தான் இதைத் தவறவிடக் கூடாது என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ரத்தம் எடுப்பதில்தான் பிழைகள் அதிகம். காலையில் எழுந்து குறைந்தது இரண்டு மணி நேரம் நடமாடிய பிறகு, 5 முதல் 15 நிமிடம் உட்கார வைத்து எடுக்க வேண்டும். படுத்தபடி எடுத்தால் ரெனின் இயல்பாகவே குறைந்திருக்கும். பரிசோதனைக்காக உப்பைக் குறைக்காதீர்கள், வழக்கமான சாப்பாடே போதும். உப்பைக் குறைத்தால் ரெனின் ஏறி நோயை மறைத்துவிடும். பொட்டாசியம் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்து 4-க்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் ஆல்டோஸ்டீரான் பொய்யாகத் தாழ்ந்து காட்டும். எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது. இது பல கலெக்‌ஷன் சென்டர்களில் நடக்கும் தவறு, நல்லெண்ணத்தில் செய்வதுதான். ரத்தத்தில் ரெனினைப்போல் சுமார் 10 மடங்கு புரோரெனின் இருக்கிறது. அது இன்னும் விரியாத கத்தரி. குளிரில் அது விரிந்துகொள்ளும். விரிந்ததையும் மெஷின் ரெனின் என்றே எண்ணிவிடும். அறை வெப்பத்தில் வைத்து, சீக்கிரம் பிளாஸ்மாவை (செல்கள் நீங்கிய ரத்தத் திரவத்தை) பிரித்து, பிறகு உடனே உறைய வைப்பதே முறை. வீட்டுக்கு வந்து எடுக்கச் சொல்வதைவிட, லேபுக்கே நேரில் போய்க் கொடுப்பது நல்லது.

மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். டெல்மிசார்டானும் குளோர்தாலிடோனும் ரெனினை ஏற்றிவிடக் கூடியவை. முறைப்படி குளோர்தாலிடோனை 4 வாரமும் டெல்மிசார்டானை 2 வாரமும் நிறுத்தி, இடையில் வெரபாமில், பிரசோசின் போன்றவற்றை வைத்துச் சமாளித்துப் பார்ப்பது உண்டு. 150 ஓடும் 64 வயதுக்காரருக்கு அது எப்போதும் பாதுகாப்பானதல்ல. மருந்தோடேயே முதலில் எடுத்துப் பார்க்கலாம். இரண்டு மருந்தும் ஏற்றிவிட முயன்றும் ரெனின் தரையோடு கிடந்து ஆல்டோஸ்டீரான் ஏறியிருந்தால், அது பலமான சாட்சி. ரெனின் ஏறியிருந்தால்தான் மருந்தை மாற்றி மறுபடி பார்க்க வேண்டிவரும். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் நேர்மாறு. அவை ரெனினை அமுக்கி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும்.

ரிப்போர்ட் வந்ததும் முதலில் அலகைப் பாருங்கள். ரெனினை இரண்டு விதமாக அளக்கிறார்கள். ஒன்று அதன் வேகம்: ஒரு மணி நேரத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை நானோகிராம் ஆஞ்சியோடென்சின் 1 உண்டாக்குகிறது என்பது. மற்றது அதன் அளவு, லிட்டருக்கு மில்லி யூனிட்டில் வரும். ஆல்டோஸ்டீரான் டெசிலிட்டருக்கு நானோகிராமில் இருந்தால், முதல் முறையில் விகிதம் 30-ஐத் தாண்டினால் சந்தேகம். இரண்டாவது முறையில் அதே எல்லை 3.7 சுற்றளவுதான். லேப் இரண்டாவது முறையில் அளந்து, விகிதம் 9 என்று கொடுத்திருக்கும். இணையத்தில் 30 என்று படித்தவர் '9-தானே, நார்மல்' என்று கோப்பை மூடிவிடுவார். உண்மையில் 9 என்பது அங்கே மிக அதிகம்.

ரெனின் தாழ்ந்து ஆல்டோஸ்டீரான் ஏறியிருந்தால் அடுத்து உறுதிப்படுத்தும் சோதனையும் அட்ரீனலுக்கு சி.டி. ஸ்கேனும் வரும். ஒரு பக்கத்துக் கட்டி மட்டும் காரணம் என்றால் அறுவை சிகிச்சை, இரு பக்கமும் என்றால் ஆல்டோஸ்டீரானைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை.

ரெனின் தாழ்ந்து ஆல்டோஸ்டீரானும் தாழ்ந்திருந்தால், வீட்டில் ஒரு விஷயத்தைக் கேளுங்கள். இருமலுக்கோ தொண்டைக்கோ அதிமதுரம் போட்ட சூரணம், கஷாயம் தினமும் எடுக்கிறாரா? சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற இன்னொரு அட்ரீனல் ஹார்மோனைச் செயலிழக்க வைக்கும் ஒரு நொதி இருக்கிறது. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் அதை முடக்கிவிடும். அப்போது கார்ட்டிசால் ஆல்டோஸ்டீரானின் இடத்தில் உட்கார்ந்து உப்பைச் சேர்க்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும். 'அது நாட்டு மருந்துதானே' என்று டாக்டரிடம் யாரும் சொல்வதில்லை. நிறுத்தினால் சில வாரங்களில் சரியாகும்.

ரெனின் மிக அதிகமாக இருந்து, மாத்திரைகளால் வந்தது என்று மட்டும் சொல்ல முடியாவிட்டால், சிறுநீரகத் தமனி குறுகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஹாரி கோல்ட்பிளாட் 1934-ல் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கிடுக்கியால் இறுக்கிக் காட்டியது இதைத்தான்: உடம்பெங்கும் பிரஷர் எகிறியிருக்கும், குறுகலுக்கு அப்பால் உள்ள சிறுநீரகமோ பிரஷர் போதவில்லை என்று ரெனினைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இரு சிறுநீரகத்தின் நீளத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருப்பதும், சார்டான் தொடங்கியபின், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 30 சதவீதத்துக்கு மேல் ஏறியதும் இதற்கு அடையாளம்.

மறதி விஷயத்தில், ரெனினைவிட அவசரமாகப் பார்க்க வேண்டியது சோடியம். அம்மா சாப்பிடும் குளோர்தாலிடோன், வயதான பெண்களுக்கு ரத்தத்தில் சோடியத்தை 125, 120 என்று இறக்கிவிடக்கூடும். அப்போது வருவது இதே மந்தம், தடுமாற்றம், குழப்பம்தான். சோடியத்தைச் சரிசெய்தால் தெளிவு திரும்பிவிடும். விலை குறைந்த பரிசோதனை, நாளைக்கே எடுக்கலாம். சோடியம் குறைந்திருந்தால் உப்பை அள்ளிப் போட்டுச் சமாளிக்க வேண்டாம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள், மருந்தை மாற்றுவார். கூடவே தைராய்டு, பி12, சர்க்கரை. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயையும் சொல்லுங்கள், அடங்காத பிரஷருக்கும் மறதிக்கும் அது ஒருசேரக் காரணமாகும். உட்கார்ந்து ஒரு தடவை, எழுந்து மூன்று நிமிடம் கழித்து ஒரு தடவை பிரஷர் பாருங்கள். நின்றதும் 20 மில்லிமீட்டருக்கு மேல் விழுந்தால் தடுமாற்றத்துக்கு அதுவே விடையாக இருக்கலாம். அந்த நிலையில் இன்னொரு மாத்திரை கூட்டுவது கெடுதல்.

காரணம் தெளிவாகக் கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. மூன்று மருந்துக்கு அடங்காதவர்களுக்கு நான்காவதாக எது நல்லது என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. பிசோப்ரோலாலையும் டாக்சசோசினையும் ஸ்பைரோனோலாக்டோன் வென்றது. ரெனின் எவ்வளவு தாழ்ந்திருந்ததோ அவ்வளவுக்கு அது நன்றாக வேலை செய்தது. ஆனால் டெல்மிசார்டானும் ஸ்பைரோனோலாக்டோனும் சேரும்போது பொட்டாசியம் ஏறும். தொடங்கி ஒரு வாரத்திலும் நான்காவது வாரத்திலும் பொட்டாசியம், கிரியாட்டினின் கட்டாயம் பார்க்க வேண்டும். 5.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்புக்கே ஆபத்து. ஒரு இளநீரில் 500 மில்லிகிராம் அளவுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும், அதனால் தினமும் இளநீர் குடிக்கும் பழக்கத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் போடுவது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு அது நல்ல உப்பு. சீனாவின் 600 கிராமங்களில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில் அது பக்கவாதத்தை 14 சதவீதம் குறைத்தது. ஆனால் டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் இரண்டும் சாப்பிடும்போது அது வேண்டாம். மூட்டுவலிக்கு டைக்குளோபினாக், ஐபுபுரூபன் கடையில் வாங்கிப் போடுவதும் வேண்டாம். அவை பிரஷரையும் ஏற்றும், சார்டானோடும் சிறுநீர் மாத்திரையோடும் சேர்ந்து சிறுநீரகத்தையும் திடீரென்று முடக்கும். வாந்தி பேதி வந்த நாளில் டெல்மிசார்டான், குளோர்தாலிடோன், ஸ்பைரோனோலாக்டோன் மூன்றையும் நிறுத்தி வைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு, மாத்திரை டப்பாவின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.